பே சிலிப்ல என்ன பேர் போட்டிருக்கு? ராணுவக் குடும்பங்களுக்கு வருமான வரி கேள்வி-பதில்

ஜூன் பிறந்தா ஃபார்ம் 16 (வருஷச் சம்பளமும் பிடிச்ச வரியும் காட்டுற சான்று) வரும், அது பின்னாடியே நம்ம பகுதிக்குக் கடுதாசியும் வாட்ஸ்அப்பும் வர ஆரம்பிச்சிடும். இந்தத் தடவை வந்ததுல பாதிக்கு மேல ஒரே ரகம், "எனக்கு வரி உண்டா இல்லையா". உங்க கைக்கு வர்ற பணம் எவ்வளவுங்கிறத விட அதுக்குப் பேப்பர்ல என்ன பேர் போட்டிருக்குங்கிறதுதான் முக்கியம். அலவன்ஸ்னா ஒரு கணக்கு, பென்ஷன்னா ஒரு கணக்கு, ஃபேமிலி பென்ஷன்னா வேற கணக்கு. இங்க சொல்றது எல்லாம் 2025-26 வருமானத்துக்கு, அதாவது இப்ப ஜூலை 31க்குள்ள ஃபைல் பண்ற கணக்குக்கு. புது வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1லிருந்து வந்தாச்சு, ஆனா அதுக்கு முன்னாடி சம்பாதிச்சதுக்கு 1961 சட்டம்தான், அதனால பழைய செக்‌ஷன் நம்பரே போட்டிருக்கேன், குழம்பாதீங்க.

கேள்வி: நான் ஹவில்தார். போன வருஷம் மூணு மாசம் சியாச்சின்ல இருந்தேன், மீதி நாள் பீஸ் ஸ்டேஷன் (சண்டைப் பகுதி இல்லாத இடம்). சியாச்சின் அலவன்ஸுக்கு வரி கிடையாதுன்னு யூனிட்ல எல்லாரும் சொல்றாங்க, ஆனா பிஏஓ (சம்பளக் கணக்கு ஆபிஸ்) போட்ட கணக்குல அந்தக் கழிவே காணோம். பழைய வரி முறைக்கு (கழிவு, விலக்கெல்லாம் கேட்கிற முறை) மாறினா லாபமா? மொத்த சம்பளம் 12,40,000. ஏஎஃப்பிபி ஃபண்டுல (படைவீரர் சேமநிதி) வருஷம் ஒன்றரை லட்சம் போடுறேன்.
– வாசகர், கம்மவான்பேட்டை, வேலூர் மாவட்டம்

தம்பி, மாறவே மாறாதீங்க. ஏன்னு கணக்கு போட்டே காட்டுறேன்.

யூனிட்ல சொன்னது பாதி உண்மை. சியாச்சின் அலவன்ஸ்ல மாசம் 7,000 ரூபாய்க்குத்தான் விலக்கு, அதுவும் பழைய முறைல மட்டும். உங்களுக்கு மாசம் 30,000 வந்திருக்கும், 2017லதான் ஜவான், ஜேசிஓவுக்கு (சுபேதார் மாதிரி இடைநிலை அதிகாரி) அத 14,000லிருந்து 30,000 ஆக்கினாங்க, ஆனா வரி விலக்கு மட்டும் 7,000லயே நிக்குது. மத்த அலவன்ஸும் இப்படித்தான், கவுன்ட்டர் இன்சர்ஜென்சிக்கு மாசம் 3,900, ஃபீல்டு ஏரியாவுக்கு 2,600, மாடிஃபைடு ஃபீல்டுன்னா 1,000, ஹைலி ஆக்டிவ் ஃபீல்டுன்னா 4,200, அந்தமான்ல ஐலண்ட் டூட்டிக்கு 3,250, உயரத்துக்குன்னு பார்த்தா 9,000 அடிக்கு மேல 1,060, 15,000 அடிக்கு மேல 1,600. அந்த உயரத்துல மூச்சு விடுறதே பெரும்பாடு, அதுக்கு மாசம் ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்கு விலக்குன்னு எழுதி வச்சவர் எந்த ஊர்ல உக்காந்து எழுதினாரோ. எம்எஸ்பி (மிலிட்டரி சர்வீஸ் பே) இருக்கே, அந்த 5,200, அதுக்கு விலக்கே கிடையாது, முழுசா சம்பளம்.

இப்ப உங்க கணக்கு. புது முறைல 12,40,000ல ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 75,000 போனா 11,65,000. 12 லட்சத்துக்குள்ள இருக்கிறதால 87ஏ ரிபேட் (வரித் தள்ளுபடி) வந்து வரி பூஜ்யம். பழைய முறைல ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 50,000, சியாச்சின் மூணு மாசத்துக்கு 21,000, ஏஎஃப்பிபி 1,50,000 எல்லாத்தையும் கழிச்சாலும் 10,19,000 நிக்கும். அதுக்கு வரி 1,18,200, செஸ் சேர்த்தா 1,22,928. இருபத்தோராயிரம் விலக்குக்கு ஆசைப்பட்டு ஒன்னே கால் லட்சம் கட்டணுமா சொல்லுங்க. பிஏஓ சரியாத்தான் போட்டிருக்காங்க.

அதுக்காக ஏஎஃப்பிபிய நிறுத்திடாதீங்க. அது வரிக்காகப் போடுற பணம் இல்ல, பிள்ளைங்க கல்யாணத்துக்குப் போடுற பணம்.

பழைய முறை யாருக்குத்தான் லாபம்னு ஒரு லெப்டினன்ட் கர்னல் போன்ல கேட்டார். சுமார் 25 லட்சம் வாங்குறவருக்கு ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் தவிர வீட்டு லோன் வட்டி, ஹெச்ஆர்ஏ (வாடகை அலவன்ஸ்), 80சி சேமிப்பு, 80டி மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 8 லட்சம் தாண்டினாத்தான் பழைய முறை ஜெயிக்கும். குவார்ட்டர்ஸ்ல இருந்தா ஹெச்ஆர்ஏ கிடையாது, அப்புறம் எங்கேந்து 8 லட்சம் வரும். ஒருவேளை வந்தாலும் கடைசி தேதிக்குள்ள ஃபைல் பண்ணணும், தாண்டிட்டா பழைய முறைய தேர்ந்தெடுக்கவே முடியாது.

கேள்வி: 17 வருஷம் சர்வீஸ் போட்டு பென்ஷன் வந்தேன். இப்ப ஒரு பேங்க்ல க்ளர்க். ஸ்பர்ஷ்ல (ராணுவ பென்ஷன் கொடுக்கிற போர்ட்டல்) பென்ஷன் மாசம் 36,000, பேங்க் சம்பளம் 80,000. ரெண்டு பக்கமும் ஒரு ரூபா கூட டிடிஎஸ் பிடிக்கல. வருமான வரி போர்ட்டல்ல கணக்கு போட்டா எண்பதாயிரம் கட்டச் சொல்லுது. சிஸ்டம்ல ஏதும் தப்பா?
– வாசகர், சிவகாசி

சிஸ்டம் சரிதாங்க. இந்தப் பள்ளத்துல நானே விழுந்து எழுந்தவன், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

ஸ்பர்ஷுக்கு உங்க பேங்க் சம்பளம் தெரியாது. அவங்க பார்க்கிறது 4,32,000, வரி இல்ல, விட்டுட்டாங்க. பேங்குக்கு உங்க பென்ஷன் தெரியாது. அவங்க பார்க்கிறது 9,60,000, 12 லட்சத்துக்குள்ள இருக்கு, விட்டுட்டாங்க. ரெண்டு பேரும் தனித்தனியா 75,000 கழிச்சு, பேங்க்ல ரிபேட்டும் கொடுத்திருக்காங்க. ஆனா வருமான வரிக்கு நீங்க ஒரே ஆள், பென்ஷனும் சம்பளம்ங்கிற தலைப்புலதான் வரும், 75,000 ஒரு தடவைதான். 13,92,000ல அது போனா 13,17,000. 4லிருந்து 8 லட்சம் வரை 5 சதவீதம் 20,000, 8லிருந்து 12 வரை 10 சதவீதம் 40,000, மிச்சம் 1,17,000க்கு 15 சதவீதம் 17,550. மொத்தம் 77,550, செஸ் சேர்த்து 80,652. 12 லட்சம் தாண்டிட்டதால ரிபேட் போச்சு. அட்வான்ஸ் டேக்ஸ் கட்டாததுக்கு 234பி, 234சி வட்டி வேற மேல ஏறும், ஏப்ரல்லேந்து மாசம் 1 சதவீதம் ஓடிட்டு இருக்கு, அதனால ஜூலை கடைசி வரைக்கும் காத்திருக்காம இந்த வாரமே கட்டிடுங்க.

நான் சிவில் வேலைல சேர்ந்த முதல் வருஷம் இதே கதைதான். பென்ஷன் வேற, சம்பளம் வேறன்னு நினைச்சு பேங்க் ஃபார்ம் 16ஐ மட்டும் போட்டு ஃபைல் பண்ணிட்டேன். எட்டு மாசம் கழிச்சு மெயில் வந்துது, ஏஐஎஸ்ல (வரித் துறைகிட்ட இருக்கிற உங்க வருஷ வருமான விவரம்) பென்ஷன் இருக்கு உங்க ரிட்டர்ன்ல இல்லையேன்னு. வீட்டுக்காரி கேட்டா, "பத்தொன்பது வருஷம் க்ளர்க் டிரேட்ல இருந்தீங்க, ரெண்டு நம்பரக் கூட்டத் தெரியாதா"ன்னு. அன்னைக்குப் படிச்ச பாடம்தான் இன்னைக்கு இந்தப் பகுதி ஓடுது.

அடுத்த வருஷம் இந்தத் தலைவலி வேண்டாம்னா ஸ்பர்ஷ் பென்ஷன் விவரத்த எழுதி இப்பவே பேங்க் ஹெச்ஆர்ல கொடுங்க. அவங்க ரெண்டையும் கூட்டி மாசா மாசம் பிடிச்சிடுவாங்க. மாசம் ஆறேழாயிரம் குறையும்தான், ஆனா ஜூலைல ஒரே அடியா விழாது.

கேள்வி: எங்க யூனிட் பக்கத்துல ஒரு ஏஜென்ட் 2024ல நிறைய பேருக்கு ரீஃபண்ட் வாங்கிக் கொடுத்தார். எனக்கு 48,000 வந்துது, அதுல 10 சதவீதம் கமிஷன் எடுத்துக்கிட்டார். இப்ப கூட இருந்த ரெண்டு பேருக்கு நோட்டீஸ் வந்திருக்கு. எனக்கு எதுவும் வரல. பேசாம இருக்கலாமா? பேர், ஊர் போட வேண்டாம்.

போடல. ஆனா பேசாம இருக்காதீங்க.

நீங்க அனுப்பின ரிட்டர்ன் காப்பியப் பார்த்தேன். அரசியல் கட்சிக்கு நன்கொடைன்னு 80ஜிஜிசில ஒரு லட்சத்து சொச்சம், ஊனமுற்ற பிள்ளைன்னு 80டிடில 1,25,000. உங்களுக்குக் கல்யாணமே ஆகல தம்பி! நோட்டீஸ் வரலன்னு சொல்றீங்களே, முதல்ல போர்ட்டல்ல உங்க ப்ரொஃபைலத் திறந்து மெயில் ஐடி யாருதுன்னு பாருங்க. உங்களுது இல்ல, அந்த ஆளு உண்டாக்கின ஐடி. வந்திருந்தாலும் அங்கதான் போய் விழுந்திருக்கும், உங்க கண்ணுல படாது. 2025 ஜூலைல வருமான வரித் துறை நாடு முழுக்க 150 இடத்துல இந்த மாதிரி பொய்க் கழிவு ஆசாமிகள சோதனை போட்டப்ப இதையேதான் சொன்னாங்க, மொத்தமா ஃபைல் பண்றதுக்குன்னே டெம்பரரி மெயில் ஐடி உண்டாக்கி அப்புறம் அம்போன்னு விட்டுடுறாங்க, நோட்டீஸ் யாரும் படிக்காமலே கிடக்குதுன்னு. அதுக்கு முந்தின நாலு மாசத்துல ஏறக்குறைய 40,000 பேர் தாங்களா முன்வந்து ரிட்டர்னத் திருத்தி 1,045 கோடி ரூபாய் பொய்க் கழிவ வாபஸ் வாங்கினாங்களாம். நீங்க ஒருத்தர் மட்டும் இல்ல, அத நினைச்சு இடிஞ்சு போயிடாதீங்க.

செய்ய வேண்டியது, பாஸ்வேர்டு, மெயில், மொபைல் மூணையும் இன்னைக்கே மாத்துங்க. அப்புறம் ஐடிஆர்-யூன்னு ஒன்னு இருக்கு, அப்டேட்டட் ரிட்டர்ன், அதுல பொய்க் கழிவ எடுத்துட்டு ஃபைல் பண்ணணும். உங்களுது 2024-25 அசெஸ்மென்ட் வருஷம். அந்த வருஷம் முடிஞ்சு 12 மாசத்துக்குள்ள பண்ணியிருந்தா வரி, வட்டிக்கு மேல 25 சதவீதம்தான் கூடுதல், அது போன மார்ச் 31ஓட போச்சு, இப்ப 50 சதவீதம். அதாவது 48,000, அதுக்கு வட்டி, ரெண்டையும் கூட்டி அதுல பாதி மேல. எழுபத்திரண்டாயிரத்துக்குக் குறையாது. 2027 மார்ச் தாண்டினா 60, அப்புறம் 70. வலிக்கும்தான், ஆனா அவங்களே கண்டுபிடிச்சு மிஸ்ரிப்போர்ட்டிங், அதாவது பொய்க் கணக்குன்னு போட்டா வரிய விட ரெண்டு மடங்கு அபராதம். அது மட்டும் இல்ல, யூனிட்டுக்கு லெட்டர் போனா ப்ரமோஷன் நேரத்துல நிக்கும். ஏஜென்ட் என்ன ஆனார்னு கேட்டா, சிம் மாத்திட்டு அடுத்த கன்டோன்மென்ட் போயிருப்பார். ரிட்டர்ன்ல இருக்கிறது உங்க பேன் நம்பர்தான்.

கேள்வி: மகன் அக்னிவீரா 2022 கடைசில சேர்ந்தான். நாலு வருஷம் முடிஞ்சு வர்றப்ப கிடைக்கிற சேவா நிதிக்கு வரி பிடிப்பாங்களா?
– வாசகி, தேனி

பிடிக்க மாட்டாங்கம்மா. பையன் சம்பளத்துல மாசம் 30 சதவீதம் பிடிச்சு, அதே அளவு அரசாங்கமும் போட்டு வர்ற பணம் அது, முதல் வருஷம் 9,000ல ஆரம்பிச்சு நாலாவது வருஷம் 12,000. நாலு வருஷத்துல அவன் பங்கு 5.02 லட்சம், அரசாங்கப் பங்கு 5.02 லட்சம், மேல வட்டி. 10(12சி)படி முழுசும் வரி இல்லாம வரும், புது முறை பழைய முறை ரெண்டுலயும். ஆனா அதக் கொண்டு போய் எஃப்டில போட்டா அந்த வட்டி வருமானம்தான். வரி இல்லாட்டியும் ரிட்டர்ன் மட்டும் வருஷா வருஷம் போடச் சொல்லுங்க, நாளைக்கு வெளிய வந்து லோன் கேட்கப் போனாலும் பேங்க்காரன் முதல்ல அதத்தான் கேட்பான்.

கேள்வி: ஓஆர்ஓபி (ஒரே ரேங்க், ஒரே பென்ஷன்) அரியர் மொத்தமா வந்துது, அந்த வருஷத்து வருமானம் ஏறிப் போச்சு.
– வாசகர், தக்கலை

செக்‌ஷன் 89 நிவாரணம் கேளுங்க. எந்தெந்த வருஷத்துக்கு எவ்வளவுன்னு பிரிச்சு ஃபார்ம் 10ஈ போடணும், புது முறைலயும் உண்டு. ரிட்டர்னுக்கு முன்னாடி 10ஈ போகணும், இந்த வரிசை தப்பினா நிவாரணத்த வெட்டி நோட்டீஸ் அனுப்பிடுவாங்க. வருஷ வாரி பிரிவு ஸ்பர்ஷ்ல அரியர் ஸ்டேட்மென்ட்ல இருக்கும். ஃபேமிலி பென்ஷன் அரியருக்கும் இது பொருந்தும்.

கேள்வி: சுபேதாரா இந்த வருஷம் வெளிய வர்றேன், வயசு 50. கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன் (பென்ஷன்ல ஒரு பங்க முன்கூட்டியே மொத்தமா வாங்குறது), லீவ் என்கேஷ்மென்ட் எல்லாம் சேர்ந்து நல்ல தொகை. மனைவிக்கு வருமானம் இல்ல, 25 லட்சத்த அவங்க பேர்ல எஃப்டி போட்டா வட்டிக்கு வரி வராதுல்ல?
– வாசகர், திருவண்ணாமலை

வரும், உங்களுக்கு வரும். நீங்க சொன்ன மூணுக்கும் வரி கிடையாது, அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா மனைவிக்குச் சும்மா கொடுத்த பணத்துல வர்ற வட்டி உங்க வருமானத்தோட சேரும். 7 சதவீதம்னா வருஷம் 1,75,000. பென்ஷன் மட்டும்தான்னா 12 லட்சத்துக்குள்ள நின்னுடும், கவலை இல்ல. சிவகாசிக்காரர் மாதிரி இன்னொரு வேலைக்குப் போனீங்கன்னா அப்ப கடிக்கும். இதுக்குப் பதிலா சீனியர் சிட்டிசன் சேவிங்ஸ் ஸ்கீமப் பாருங்க. மத்தவங்களுக்கு 60 வயசு, படைல இருந்து வந்தவங்களுக்கு 50லயே கதவு திறக்கும், இது நிறைய ஜேசிஓவுக்குத் தெரியறதே இல்ல. 30 லட்சம் வரை போடலாம், 8.2 சதவீதம்னா முழுசாப் போட்டவங்களுக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா 61,500. அதுக்கும் வரி உண்டு, ஆனா எஃப்டிய விட மேல்.

கேள்வி: மெடிக்கல் போர்டு வச்சு என்னைப் பாதியிலேயே அனுப்பிட்டாங்க. பென்ஷன்ல சர்வீஸ் எலிமென்ட் (சர்வீஸுக்கு), டிசபிலிட்டி எலிமென்ட் (ஊனத்துக்கு)னு ரெண்டு வருது. எதுக்கு வரி?
– வாசகர், ராமநாதபுரம்

சர்வீஸால வந்த ஊனம், இல்ல சர்வீஸால மோசமானதுன்னு போர்டு எழுதி இன்வாலிட் அவுட் (உடல் தகுதி இல்லன்னு வெளிய அனுப்புறது) ஆனவர்னா ரெண்டுக்கும் இல்ல. பிபிஓல (பென்ஷன் உத்தரவு) அந்த வார்த்தை இருக்கான்னு பாருங்க. முழு சர்வீஸ் முடிச்சு ரிட்டயர் ஆனவங்களுக்கு இது பொருந்தாதுன்னு 2019 ஜூன் 24ல ஒரு சர்க்குலர் போட்டு, அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. அந்த வகைல வர்றவங்க தன் இஷ்டத்துக்கு விலக்குன்னு போட்டுடாம ஒரு ஆடிட்டரப் பார்த்துட்டுப் போடுங்க.

கேள்வி: என் கணவர் ராணுவத்துல இருந்தவர், வெள்ள நிவாரணப் பணில இருந்தப்ப வெள்ளம் இழுத்துட்டுப் போய் இறந்துட்டார். நான் ஸ்கூல் டீச்சர், வருஷம் 11 லட்சம் சம்பளம். ஃபேமிலி பென்ஷன் மாசம் 45,000 வருது. ரெண்டையும் கூட்டி வரி கட்டிட்டு வர்றேன். காஷ்மீர்ல சண்டைல இறந்தவரோட மனைவி, எனக்குத் தெரிஞ்சவங்க, பென்ஷனுக்கு வரியே கட்டறதில்லைங்கிறாங்க. சண்டைல போனாத்தான் சலுகையா?
– வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

இல்லம்மா. இத்தனை வருஷம் உங்ககிட்ட யாரும் சொல்லலையேன்னுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

படைல இருந்தவர் ஆபரேஷனல் டூட்டில இறந்தா மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வர்ற ஃபேமிலி பென்ஷனுக்கு 10(19)படி வரியே கிடையாது. எது ஆபரேஷனல் டூட்டின்னு விதி 2பிபிஏல வரிசையா சொல்லியிருக்கு. எதிரியோட சண்டை, தீவிரவாதி தாக்குதல், எல்லைல மோதல், கண்ணிவெடி எடுக்கிறது, ஐநா அமைதிப்படை, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது. அதே வரிசைல இயற்கைப் பேரிடர் நேரத்துல சிவில் நிர்வாகத்துக்கு உதவியா மீட்புப் பணில இறங்கினதும் இருக்கு. உங்க வீட்டுக்காரர் போனது அந்தப் பணிலதான். துப்பாக்கி வெடிச்சிருக்கணும்னு சட்டம் எங்கயும் சொல்லல.

லீவுல வீட்டுக்கு வந்த இடத்துல நெஞ்சு வலில இறந்தவங்க குடும்பத்துக்கு இது கிடையாது. அவங்களுக்கு ஃபேமிலி பென்ஷன் இதர வருமானம்ங்கிற தலைப்புல வரும், புது முறைல அதிகபட்சம் 25,000 கழிவு, அவ்வளவுதான்.

உங்க கணக்கு இப்ப எப்படி நிக்குது, 11 லட்சத்தோட ஃபேமிலி பென்ஷன் 5,40,000 கூட்டி, 75,000மும் 25,000மும் கழிச்சா 15,40,000. வரி செஸ்ஸோட 1,15,440. பென்ஷன் விலக்குன்னு ஆயிட்டா வெறும் 10,25,000, வரி பூஜ்யம்.

இந்த வருஷ ரிட்டர்ன்ல பென்ஷன விலக்கு வருமானம்ங்கிற இடத்துல காட்டுங்க, மறைக்காதீங்க, ஏஐஎஸ்ல எப்படியும் தெரியும். போன வருஷங்களுக்குக் கட்டினத விட்டுடாதீங்க. தாமத மன்னிப்பு கேட்டு 119(2)(பி)ல மனு போடலாம், அந்தந்த அசெஸ்மென்ட் வருஷம் முடிஞ்சு அஞ்சு வருஷத்துக்குள்ள இருந்தா ஏத்துக்குவாங்க. இது போர்ட்டல்ல பட்டன் தட்டற வேலை இல்ல, ஒரு நல்ல ஆடிட்டர் வேணும்.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு பேப்பர் வேணும். இறப்பு எந்தச் சூழ்நிலைல நடந்ததுன்னு துறைத் தலைமையோ சர்வீஸ் ஹெட்குவார்ட்டர்ஸோ கொடுக்கிற சான்று. வீட்டுக்காரர் மெட்ராஸ் ரெஜிமென்ட்னு எழுதியிருந்தீங்க, அப்ப வெலிங்டன் ரிக்கார்ட் ஆபிஸ்லேந்து ஆரம்பிங்க. தனியா அலைய வேண்டாம், உங்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல பிபிஓ, இறப்புச் சான்று, அப்ப யூனிட்லேந்து வந்த லெட்டர் எல்லாம் எடுத்துட்டுப் போனா அவங்களே கவரிங் லெட்டர் போட்டு அனுப்புவாங்க. சான்று கைக்கு வந்ததும் ஸ்கேன் பண்ணி வச்சுக்கோங்க, நாலு ஜெராக்ஸ் எடுங்க. பத்திரமா இருக்கட்டும்னு ஒரிஜினல லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்கம்மா, பின்னாடி எந்த ஆபிஸ்லயாவது அது மேல சீல் வைக்கணும்னு நிப்பாங்க.